ஈரம், மிதிக்காதீர்

வேனிலிருந்து தின்னர் டின்னை இறக்கும்போதே ரேடியோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். காணாமல் போன அந்தத் தங்கை எங்கேயும் போகவில்லை. இதோ, இந்தக் கற்களுக்கு அடியில்தான் கிடக்கிறாள்.

முடிவுக்கு வருவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று வருவான். வாய் ஓயாத குற்றத்துக்காக அவனுக்கு ரேடியோ என்று பேர் வைத்தார்கள். அவனும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான். ஆனால் இன்றைக்கு அந்த முற்றத்தைப் பார்த்ததும் ரேடியோவே கொஞ்சம் ஒலியைக் குறைத்துக்கொண்டது.

கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் பேவர் பிளாக் பதித்த முற்றம். ஒரு லாரியைத் தாராளமாகத் திருப்பலாம். சிவப்பும் சாம்பலுமாக மாற்றி மாற்றிப் பதித்த நல்ல கல்லுதான். அத்தனையும் இப்போது வெள்ளை பூத்துக் கிடந்தது. ஐஸில் இரண்டு நாள் கிடந்த மீனின் கண்ணில் ஒரு வெள்ளை இருக்குமே, அந்த வெள்ளை. மழை விட்டதிலிருந்து வெயில் மண்டையைப் பிளந்தும் அது போகவில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் வீடு. எல்லா ஜன்னலும் சாத்தி, எல்லாத் திரையும் இழுத்து விட்டிருந்தது. பக்கவாட்டில் எங்கேயோ ஒரு சொட்டு விழுந்தது. டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டொக்.

கேட்டுக்குப் பூட்டு இல்லை. குறுக்கே ஒரு நைலான் கயிறு. அதில் ஓர் அட்டை தொங்கியது: ஈரம், மிதிக்காதீர். பூச்சு காய்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது. அட்டையை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

"மேடம், எங்க தோண்டணும்னு மட்டும் சொல்லுங்க. கடப்பாரை வண்டியில இருக்கு."

"கடப்பாரை எதுக்குக் கொண்டு வந்தே?"

"துப்பறியத்தான்."

மேடம் முறைத்தார். இருபது வருஷம் கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை செய்துவிட்டு, மனுஷர்கள் சொல்லும் கணக்கைச் சரிபார்க்க வந்த அம்மாள் அவர். ஊரில் ஆடிட்டரம்மா என்றால்தான் தெரியும். வாயைத் திறப்பதற்குக் காசு கேட்பவரைப் போல அளந்துதான் பேசுவார். அவர் பேசாமல் விட்ட மிச்சத்தையெல்லாம் ரேடியோதான் பேசித் தீர்ப்பான். இந்த ஏற்பாட்டில் அந்தத் துப்பறியும் ஆபீஸ் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

மூன்று பேரும் மஞ்சள் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார்கள். தரைப் பராமரிப்புக் கம்பெனி ஆட்களாம். வண்டி என்னவோ பள்ளிக்கூட வேன். அதை ஓட்டி வந்தவள்தான் காணாமல் போனவளின் அக்கா. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் தொழில். பின் சீட்டில் முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்து வந்ததில் ரேடியோவுக்கு இடுப்பு கழன்றிருந்தது.

"தம்பி, அடியில இருக்காளான்னு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க" என்றாள் அக்கா. "இருந்தா அழுதுட்டுப் போறேன். இல்லேன்னா தேடறேன். ரெண்டும் தெரியாம ராத்திரி கண்ணை மூட முடியல."

அக்காவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தங்கையின் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தேதி முடிந்த மருந்துக்குப் புது லேபிள் ஒட்டி விற்கிறார் என்று தங்கை கண்டுபிடித்துவிட்டாள். அந்த மருந்தைக் குடித்த ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டது. 'நான் எல்லாத்தையும் சொல்லப் போறேன்க்கா, நீ கூட வா' என்று போனில் சொன்னாள். மறுநாள் அக்கா வந்தபோது இந்தக் கேட்டில் கயிறு கட்டியிருந்தது. அந்தப் பக்கம் மாப்பிள்ளை பெயிண்ட் ரோலரும் கையுமாக நின்று சிரித்தார். 'சண்டை போட்டுட்டு விடியக்காலையே பெட்டியோட கிளம்பிட்டா. நீங்க உள்ள வராதீங்க, சீலர் போட்டிருக்கேன், ஈரம்' என்றார். அன்று சாயங்காலம் தங்கையின் போனிலிருந்து 'என்னைத் தேடாதே' என்று ஒரு செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டுப் போலீஸும் தேடவில்லை.

ஆடிட்டரம்மா கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், புடவையைச் செருகிக்கொண்டு கல்லின் மேல் மண்டி போட்டார்.

"ரேடியோ. இந்த வெள்ளை எப்படி வந்துச்சு?"

இது அவன் பாடம். ஆபீஸில் சேர்வதற்கு முன்னால் இரண்டு வருஷம் இதே வேலைதான் பார்த்தான். வீட்டுக்காரர்களிடம் அவர்கள் வீட்டுச் சண்டையைப் பற்றியே அபிப்பிராயம் சொன்னதால் துரத்திவிட்டார்கள்.

"சீலர்னா கல்லு மேல போடற கண்ணாடித் தோல் மாதிரி மேடம். பாசி பிடிக்காது, கறை இறங்காது, மழையில இடுக்கு மணல் அரிச்சிட்டுப் போகாது. ஆனா கல்லு எலும்பு வரைக்கும் காஞ்சிருக்கணும். மழைக்காலத்துல மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள தண்ணி நிக்கும். அதுக்கு மேல பூசினா, வெயில் அடிச்சதும் தண்ணி ஆவியாகி மேல வரும். மேல தோல் இருக்கு. வெளியே போக வழியில்லாம அங்கேயே நின்னு வெளுத்துப் போகும்." அவன் கொஞ்சம் நிறுத்தினான். "மூச்சு முட்டிப் போகுது கல்லுக்கு."

சொன்ன பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எத்தனை தடவை பூசியிருக்கு?"

ரேடியோ கேட் தூணின் ஓரத்தில் பேனாக்கத்தியை விட்டு நெம்பினான். வெங்காயச் சருகு போல ஒரு தோல் வந்தது. அதற்கடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் ஒன்று. அடித்தோலில் ஈசலின் இறகுகள் நாலைந்து சிக்கி, அப்படியே பளபளத்தன.

"மூணு. அதுவும் ஈசல் பறக்கிற ஈரத்துல பூசியிருக்கான் மனுஷன். ஒழுங்கா ஒரு தடவை பூசினா ரெண்டு மழைக்காலத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். இவர் ஒரு மாசத்துக்குள்ள மூணு தடவை பூசியிருக்காரே. இவர் கடையில மாத்திரை எப்படிக் கொடுப்பாருன்னு நினைச்சாலே பயமா இருக்கு."

"மூணு தடவையும் எப்போன்னு தெரியுமாம்மா?" ஆடிட்டரம்மா அக்காவைக் கேட்டார்.

"முதல் தடவை நான் வந்த அன்னிக்கு. ரெண்டாவது, நான் ஸ்டேஷன்ல கெஞ்சி ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி வச்சேனே, அன்னிக்கு. அவரும் கேட்டுக்கு வெளியிலேயே நின்னு பேசிட்டு வந்துட்டார், தரை ஈரம்னு. மூணாவது எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் ரெண்டு நாள் கழிச்சு வந்து பார்த்தேன். அன்னிக்கும் ஈரமா இருந்துச்சு."

ஆடிட்டரம்மா தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, இரண்டு கற்களுக்கு நடுவே இருந்த இடுக்கைக் கீறினார். "கல்லைத் தூக்கிக் குழி தோண்டியிருந்தா இங்கே என்ன தெரியும்?"

"புது மணல் தெரியும். இடுக்கைத் திரும்ப அடைக்கணுமே, வெளுப்பா நிக்கும்." ரேடியோ குனிந்தான். அப்படியே கையையும் காலையும் ஊன்றி, நடக்கப் பழகும் பிள்ளை மாதிரி முற்றம் முழுக்கத் தவழ்ந்தான். வெயிலில் உள்ளங்கை பொரிந்தது. இடுக்குகளில் எல்லாம் கறுத்துப் போன பழைய மணல், வருஷக்கணக்கில் இறுகிக் கல்லாகவே ஆகிப்போன மணல். அதற்கு மேல் தோல். ஒரு கீறல் இல்லை. எறும்புகூட ஓட்டை போட்டு மண்ணைத் தள்ளியிருக்கவில்லை.

எழுந்து நின்றபோது அவனுடைய காலை முடிவு செத்துப் போயிருந்தது. அதில் அவனுக்கு வருத்தமே இல்லை.

"அடியில யாரும் இல்லைக்கா. சத்தியமா இல்லை. ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்கல."

அக்கா அப்படியே கேட் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துத் தொப்பியை எடுத்தபோது அந்த முகத்தில் நிம்மதி கொஞ்சம்தான் இருந்தது. பயம் அதிகமாகியிருந்தது.

"அப்போ என் தங்கச்சி எங்க?"

டொக், என்று சொட்டியது. ஆடிட்டரம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடடே, தரையைச் சரி பண்ண வந்துட்டீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு."

எதிர்வீட்டுக்காரர். கையில் பூவாளி, முகம் நிறையச் சந்தோஷம். தெருவில் எது நடந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கிற ரகம்.

"பாவம், தங்கமான மனுஷன். எனக்குத் தலைவலின்னா மாத்திரையைக் கையில கொடுத்துட்டு ஒரு பைசா வாங்க மாட்டார். வீட்டம்மா விட்டுட்டுப் போனதுலேருந்து இந்தத் தரையே கதின்னு கிடக்கார். எங்களையெல்லாம் கேட்டைத் தாண்டவே விடறதில்ல, மிதிச்சா கெட்டுப் போயிடும்னு. அவரும் பின்பக்கச் சந்து வழியாத்தான் போறார் வர்றார்." அவர் பூவாளியைக் கீழே வைத்தார். "நீங்க வந்திருக்கறதை உடனே போன் பண்ணிச் சொல்லிட்டேன். அப்படியான்னார். இதோ வர்றேன்னு வச்சுட்டார்."

ரேடியோ தெரு முனையை எட்டிப் பார்த்தான். அந்த மனுஷனின் நல்ல மனசைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும் போல இருந்தது. மருந்துக்கடை பாலத்துக்கு அந்தப் பக்கம். நெரிசல் இருந்தால் கொஞ்சம் தாமதமாகும், இல்லாவிட்டால் இல்லை.

"ரொம்ப உபகாரம் சார்" என்றார் ஆடிட்டரம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பிறகு ரேடியோவிடம் குரலைத் தாழ்த்தினார். "இந்த வெள்ளையை எடுக்க முடியுமா?"

"தின்னர் தேய்ச்சா எடுக்கலாம். மேல் தோல் இளகும், உள்ள நிக்கிற ஈரம் வெளியே போகும், வெள்ளை கரைஞ்சிடும். ஆனா இப்ப எதுக்கு மேடம்? ஆள் வர்றான். கம்பெனி வேலையை நிஜமாவே செய்யணுமா?"

"நடுவுல எடு. அங்கதான் ரோலர் கோடு மாறியிருக்கு. மத்த இடத்துல நீளநீளமாப் பூசினவர், அந்த இடத்துல மட்டும் குறுக்கும் நெடுக்குமா அழுத்திப் பூசியிருக்கார். மெதுவா. மேல் தோல் மட்டும் இளகணும், அடித்தோல் கரையக் கூடாது."

ரேடியோ ரோலரைத் தின்னரில் நனைத்து, பிழிந்து, ஒரே இழுப்பாக இழுத்தான். நெடி மூக்கில் ஏறியது. வெள்ளை மெல்லக் கலங்கியது. பிறகு மாயமாக மறைந்தது. சிவப்புக் கல் பளிச்சென்று எழுந்து வந்தது. அவன் இரண்டாவது இழுப்புக்குக் கையை ஓங்கினான்.

அப்படியே நின்றுவிட்டான்.

கண்ணாடிக்கு அடியில் வைத்த படம் போல, மேல் தோலுக்கு அடியில் ஒரு பாதம் தெரிந்தது. வெறுங்கால். சின்னப் பாதம். ஈரச் சீலரில் அழுந்தி, அப்படியே உறைந்து போயிருந்தது.

"மேடம்."

"இன்னும் எடு. வீட்டுப் பக்கமா."

எடுத்தான். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு பாதம் வந்தது. இடது, வலது, இடது. குதிகால் பதியவே இல்லை, விரல்கள் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தன. ஓடிய கால். வாசற்படியிலிருந்து கேட்டை நோக்கி ஓடிவந்த கால். முற்றத்தின் நடுவில் அது நின்று போயிருந்தது. அந்த இடத்தில் சீலர் உழப்பிக் கிடந்தது. அதைச் சுற்றி, அகலமாக, ஷூத் தடங்கள். குதியில் குறுக்கே ஒரு வெட்டு விழுந்த ஷூ. அந்த ஷூ அங்கிருந்து திரும்பி வீட்டுக்குப் போயிருந்தது. போகும் தடம் வந்த தடத்தைவிட ஆழம்.

திரும்பிப் போன தடத்தில் வெறுங்காலே இல்லை.

"தூக்கிட்டுப் போயிருக்கான்" என்றான் ரேடியோ. அவனுக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவன் வாழ்க்கையில் இது அபூர்வம்.

அக்கா எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று தெரியவில்லை. குனிந்து அந்த இடது பாதத்தையே பார்த்தாள். கட்டைவிரல் பதிந்திருந்தது. அதையடுத்து ஓர் இடைவெளி. அப்புறம் மூன்று விரல். இரண்டாவது விரலுக்கு உரிய இடம் காலியாக இருந்தது.

அக்கா இடது கால் செருப்பைக் கழற்றினாள். இளகிக் கிடந்த தோலின் மேல், அந்தப் பாதத்துக்குப் பக்கத்திலேயே, தன் காலை வைத்து அழுத்தி எடுத்தாள். கட்டைவிரல், இடைவெளி, மூன்று விரல். அவளுடைய இரண்டாவது விரல் தரையைத் தொடாமல் கட்டைவிரல் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"எங்க அம்மாவுக்கு இருந்துச்சு. எங்க ரெண்டு பேருக்கும் வந்துச்சு" என்றாள். "செருப்பே சரியா அமையாதும்மா எங்களுக்கு. கடையில போய் நின்னா ரெண்டு பேரும் சிரிச்சே சாவோம்."

"தடம் ரெண்டாவது தோல்ல இருக்கு" என்றார் ஆடிட்டரம்மா. "கான்ஸ்டபிள் வந்த அன்னிக்குப் பூசினது. உன் தங்கச்சி பெட்டியோட கிளம்பிப் போனதா அவர் சொன்னது அதுக்கு எவ்வளவோ முன்னாடி. கணக்கு இங்கதான் இடிக்குது. மூணாவது தோல் எதுக்குன்னா, இந்தத் தடத்தை மூடறதுக்கு. ஈரத்துல பூசினதால வெளுத்துப் போச்சு. அவருக்கு அதுவும் வசதியாப் போச்சு, ஒண்ணும் தெரியல."

"அப்போ முதல் ரெண்டு தடவை எதுக்கு மேடம்?"

"நாம எல்லாரும் கல்லுக்கு அடியிலயே பார்த்துட்டு இருந்தோம் ரேடியோ. எதையோ மூடத்தான் பூசியிருக்கார்னு நினைச்சோம். கேட்டுக்குப் பூட்டுகூட இல்ல, பார்த்தியா? பூட்டினா சந்தேகம் வரும். ஈரம்னு ஒரு அட்டையை மாட்டினா, அக்கா நின்னுட்டா, போலீஸ் நின்னுட்டார், தெருவே நின்னுடுச்சு. அடுத்தவங்க புதுத் தரையை மிதிக்க எவனுக்கு மனசு வரும்? யாரும் இந்த வீட்டுக் கதவுகிட்ட வரக் கூடாது. இந்தத் தரை அதுக்குத்தான்."

சொல்லிவிட்டு அவர் வீட்டைப் பார்த்தார். டொக்.

"மழை விட்டு ரெண்டு நாளாச்சு. அந்தத் தண்ணி எங்கேருந்து சொட்டுது?"

ரேடியோ திரும்பினான். பக்கச் சுவரில், திரை இழுத்த ஜன்னலுக்குக் கீழே, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அதன் வாயில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. விழுந்த இடத்தில் கல்லில் உப்புப் பூத்து, தோல் வட்டமாக உரிந்திருந்தது. நாள் கணக்கில் சொட்டினால்தான் அப்படி உரியும்.

"ஏசி" என்றான்.

"வீட்டுக்காரர் கடையில இருக்கார். வீட்ல வேற யாரும் இல்லைன்னு ஊருக்கே சொல்லியிருக்கார். ஏசி யாருக்கு ஓடுது?"

அக்கா ஜன்னலை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். அவள் கண் வாசற்படி ஓரத்தில் போய் நின்றது. அங்கே, மூடி திறக்காத சீலர் டின்கள் இரண்டு, புத்தம் புதுசாக, பக்கத்தில் புது ரோலரோடு தயாராக இருந்தன.

"நாலாவது தடவை" என்றார் ஆடிட்டரம்மா. "இன்னும் ரெண்டு நாளைக்கு யாரும் கிட்ட வரக் கூடாதுன்னு ஏதோ ஒரு வேலை வச்சிருக்கார். என்ன வேலைன்னு காத்திருந்து பார்க்க வேண்டாம். ஸ்டேஷனுக்கு நான் பேசறேன். வேனை எடுத்துக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தும்மா. ரேடியோ, அந்தக் கடப்பாரையை எடு."

"நான் கொண்டு வந்தப்போ முறைச்சீங்க."

"எடுடா."

அவன் எடுத்தான். ஆனால் வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்து, அவன் கையிலிருந்து அதைப் பறித்துக்கொண்டு முதலில் ஓடியது அக்கா.

தெரு முனையில் ஒரு கார் திரும்பியது. சாம்பல் நிறக் கார். அவசரமே இல்லாமல் வந்தது. பின்பக்கச் சந்துக்கு அது போகவில்லை. வேனுக்குப் பின்னால் வந்து நின்றது.

"அவர் உள்ள வரக் கூடாது" என்று ஆடிட்டரம்மா வாசற்படியிலிருந்து சொன்னார். "எப்படியோ நிறுத்து. உனக்குத்தான் பேசத் தெரியுமே."

ரேடியோ மிச்சமிருந்த தின்னரைக் கேட்டோரமாக, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் அப்படியே கவிழ்த்தான். ரோலரால் இழுத்து விட்டான். கழற்றி வைத்திருந்த கயிற்றைத் திரும்பக் கட்டினான். அவசரத்தில் முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

மருந்துக்கடைக்காரர் வேனைச் சுற்றிக்கொண்டு வந்தார். தோய்த்துத் தேய்த்த சட்டை. மெல்லிய குரல். இருமல் வந்து எத்தனை நாளாச்சு என்று விசாரிக்கிற அதே குரல்.

"யாருப்பா நீங்க? நான் யாரையும் கூப்பிடலையே."

"இலவச சர்வீஸ் சார். தரை வெளுத்துப் போச்சுன்னா கம்பெனிக்குத்தானே கெட்ட பேர்." அவர் கயிற்றைத் தூக்கினார். ரேடியோ இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றான். "ஐயோ சார், உள்ள வராதீங்க. ஈரம். மிதிக்காதீங்க."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் ரேடியோவைத் தாண்டி முற்றத்தின் நடுவுக்குப் போனது. வெள்ளை போன இடத்தில் சிவப்புக் கல் பளபளத்தது.

"என் வீடு தம்பி. நகரு."

"வீடு உங்களுதுதான் சார். தரை இப்போ கம்பெனி பொறுப்புல இருக்கு. நாளைக்கு ஒரு தடம் விழுந்தா என் வேலை போச்சு. எனக்கு ஏற்கனவே ஒரு தரம் போயிருக்கு, வாயால. ரெண்டாவது தரம் காலால போனா வீட்ல என்ன சொல்றது?"

"ஆமா சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர், உண்மையான அக்கறையோடு. "நீங்களே எத்தனை தரம் சொல்லியிருக்கீங்க, ஈரத்துல ஒருத்தர் மிதிச்சாலும் மொத்தத் தரையும் போச்சுன்னு. கொஞ்சம் பொறுங்களேன். எங்க வீட்ல உட்காருங்க, மோர் தர்றேன்."

உள்ளே மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. ஒரு தரம். இரண்டு தரம். பிறகு அக்காவின் குரல், ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

மருந்துக்கடைக்காரரின் சிரிப்பு அணைந்தது. ரேடியோவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுக் கயிற்றை மிதித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். முதல் அடியிலேயே தரை அவரைப் பிடித்தது. இளகிய தோல் ஷூவோடு பிசினாக வந்தது. பிய்த்துக்கொண்டு ஓடினார். நடு முற்றம் வரைக்கும் ஓடினார். அங்கே ரேடியோ தின்னர் தேய்த்த இடம் எண்ணெயாக வழுக்கியது. கால் இரண்டும் முன்னால் போக, மனுஷன் மல்லாந்து விழுந்தார். குப்புறப் புரண்டு எழ முயன்றபோது உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. அதற்குள் ரேடியோ அவர் முதுகின் மேல் ஏறி, வேனில் வந்த மாதிரியே முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டான்.

"சொன்னேனே சார், ஈரம்னு."

எதிர்வீட்டுக்காரர் மெல்ல உள்ளே வந்தார். தயங்கித் தயங்கி, ஓரமாகவே வந்தார். தரையில் புதிதாக விழுந்த ஷூத் தடத்தைப் பார்த்தார். குதியில் குறுக்கே ஒரு வெட்டு. பக்கத்தில், தோலுக்கு அடியில், அதே வெட்டோடு பழைய தடம். அதனருகே அந்தச் சின்ன வெறுங்கால். அவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வெகுநேரம் குனிந்து நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூர எறிந்தார்.

"எதிர் வீட்லதானே இருந்தேன்" என்றார்.

வாசலில் நிழலாடியது.

அக்கா வந்தாள். அவள் தோளில் பாதியும் ஆடிட்டரம்மாவின் கையில் பாதியுமாக இன்னொருத்தி வந்தாள். வாரி வெகுநாளான தலை. மருந்து மயக்கத்தில் பாதி மூடிய கண். வெயில் முகத்தில் பட்டதும் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். மணிக்கட்டில் ஊசி குத்திய இடங்கள் கன்றியிருந்தன. ரேடியோவால் அதைப் பார்க்க முடியவில்லை. அடியில் கிடந்தவரை இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தான்.

"அந்தக் குழந்தை?" என்று கேட்டாள் தங்கை. நாக்கு குழறியது.

"பிழைச்சிடுச்சு. வீட்டுக்குப் போயிடுச்சு. நீ வா."

தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. தங்கை ஒரு படி இறங்கினாள். கடைசிப் படியில் கால் நின்றுவிட்டது. முற்றத்தைப் பார்த்தாள். கேட்டில் அறுந்து தொங்கிய அட்டையைப் பார்த்தாள். தூக்கிய காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஈரமா இருக்குக்கா" என்றாள். "மிதிக்கக் கூடாது. மிதிச்சா..."

அக்கா அவளை விடவில்லை. வலது கால் செருப்பையும் உதறிவிட்டு, தானே முதலில் தரையில் இறங்கி நின்றாள். தங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஈரம்தான்டி. நல்லா மிதி."

தங்கை மிதித்தாள். கட்டைவிரல், ஓர் இடைவெளி, மூன்று விரல். அடுத்ததை வைத்தாள். அதற்கடுத்தது. பழைய தடங்கள் நடு முற்றத்தில் நின்று போயிருந்த இடத்துக்கு வந்தபோது ஒரு கணம் தடுமாறினாள். அக்கா பிடியை இறுக்கினாள். அப்புறம் இரண்டு ஜோடி வெறுங்கால்கள் அந்த இடத்தைத் தாண்டி, பக்கத்தில் பக்கத்தில் பதிந்துகொண்டு, கேட்டு வரைக்கும் போயின.